ஒரே ஓடிஎல் வால்வு ஆம்ப்பில் எச்டி 800 எஸ் நிறைவாகவும் சுஸ்வாரா சோர்வாகவும் கேட்பது ஏன்? (கண்காட்சி நாளையும் உண்டு)

மெல்லொலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு நாள் ஆடியோ கண்காட்சி ஒன்றில் முதல் நாளை முடித்துவிட்டு வந்திருக்கிறேன். கேட்டதை உடனுக்குடன் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இப்போது வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஒரு பக்கம் சொல்வதை அடுத்த பக்கம் மறுக்கிறது. விவரம் அறிந்தவர்கள் இன்றிரவே வழி சொன்னால் நாளைய பொழுதை உருப்படியாகச் செலவிடுவேன்.

குழப்பம் முழுவதும் ஒரே மேசையில் நேர்ந்தது. டிஜிட்டல் இசையை மின்னலையாக மாற்றும் ஒரே டிஏசியிலிருந்து மூன்று ஆம்ப்ளிஃபையர்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். முதலாவது டிரான்சிஸ்டர் ஆம்ப். இரண்டாவது, 6ஏஎஸ்7ஜி வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) கொண்ட, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை. மூன்றாவது, பக்கத்துக்கு ஒரு 300பி வால்வு வைத்து டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஒலி தரும் பெரிய பெட்டி. கேட்பதற்குச் சென்ஹைசர் எச்டி 800 எஸ், ஹைஃபைமேன் சுஸ்வாரா என இரண்டு ஹெட்ஃபோன்கள் இருந்தன.

எச்டி 800 எஸ் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் விரிந்த அரங்கத்தையும் கூர்மையான மேல் ஸ்தாயியையும் தந்தது. ஆனால் டபுள் பாஸின் கீழ்ச் சுரங்கள் எலும்பாகத் தெரிந்தன. அதே ஹெட்ஃபோனை ஓடிஎல்லில் செருகியதும் அந்த எலும்பில் சதை பிடித்தது. பெண் குரலின் அடிப்பகுதியில் இதுவரை நான் கேட்டிராத ஒரு கனம் வந்தது. சரி, வால்வின் மகிமை இதுதான் என்று எழுதிக்கொண்டு சுஸ்வாராவை எடுத்து அதே ஓடிஎல்லில் செருகினால், ஒலிக் குமிழைக் கடைசிவரை திருகியும் இசை உப்புச்சப்பில்லாமல் ஒலித்ததோடு, உரத்த இடங்களில் கரகரப்பும் தட்டியது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் சுஸ்வாராவுக்கு உயிர் வந்துவிட்டது. 300பியில் இரண்டு ஹெட்ஃபோன்களுமே நன்றாக இருந்தன.

மேசையில் இருந்தவர், சுஸ்வாராவுக்கு வால்வு ஒத்துவராது என்றார். 300பியும் வால்வுதானே என்று கேட்டதற்குச் சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை. நான் வீட்டில் எச்டி 650யைச் சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கேட்பவன். வால்வுக்கு மாறலாமா என்று முடிவெடுக்கத்தான் போனேன். ஒரு விவரம் விட்டுப்போயிற்று: டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இரு பக்கத்துக்கும் தனித்தனி இரு கம்பிகள் செல்லும் நான்கு முனை பேலன்ஸ்டு இணைப்பிலும், ஓடிஎல்லில் 6.35 மில்லிமீட்டர் பிளக்கிலும் கேட்டேன்.

ஓம்விதி எழுதியது:

உங்கள் குறிப்புகளில் முரண்பாடு எதுவும் இல்லை. நீங்கள் மூன்று ஆம்ப்களை ஒப்பிட்டதாக நினைக்கிறீர்கள். உண்மையில் ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பும் (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஓமில் அளப்பது) ஹெட்ஃபோனின் மின்மறுப்பும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

எச்டி 800 எஸ் 300 ஓம் ஹெட்ஃபோன் என்பது அட்டையில் போடும் எண். எல்லா அதிர்வெண்ணிலும் அது 300 ஆக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதன் அதிர்தகடு இயல்பாகவே ஊசலாட விரும்பும் இடம் வருகிறது. அங்கே சுருள் அதிகம் அசைந்து, உள்ளே வரும் மின்னோட்டத்தை எதிர்க்கும் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்குவதால், மின்மறுப்பு ஏறத்தாழ 600 ஓம் வரை எழும்புகிறது. 6ஏஎஸ்7ஜி போன்ற வால்வை வைத்துச் செய்த ஓடிஎல் ஆம்ப்களின் வெளியீட்டு மின்மறுப்பு பெரும்பாலும் 100 ஓமை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும். 120 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஓமாக இருக்கும் நடு அதிர்வெண்களில் ஹெட்ஃபோனுக்குக் கிடைப்பது 420இல் 300 பங்கு, அதாவது 71 விழுக்காடு. 600 ஓமாக உயரும் அடி அதிர்வெண்ணில் கிடைப்பது 720இல் 600 பங்கு, அதாவது 83 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே 1.3 டெசிபல் வேறுபாடு. எண்ணாகப் பார்த்தால் அற்பம்தான். ஆனால் அது ஒற்றைச் சுரத்தில் நிற்காமல் டபுள் பாஸும் குரலின் அடிப்பகுதியும் வாழும் இடத்தில் அகலமான மேடாக எழுகிறது. நீங்கள் சதை பிடித்தது என்று எழுதியது இந்த மேட்டைத்தான். கூடவே, 120 ஓம் குறுக்கே நிற்பதால் அதிர்தகட்டை ஆம்ப் இறுக்கிப் பிடிக்கும் பிடியும் தளர்கிறது. அடிச் சுரங்கள் சற்று நீண்டு ஒலிக்கும்.

சுஸ்வாரா பிளானார் வகை. மெல்லிய படலத்தின் மேல் கடத்தியைப் பரப்பி, காந்தங்களுக்கு நடுவே தொங்கவிட்ட அமைப்பு என்பதால், அது எல்லா அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ அதே 60 ஓமாகவே நிற்கும். ஆகவே ஓடிஎல் அதன் ஒலி நிறத்தை மாற்றாது. மொத்தமாகக் குறைத்துவிடும், அவ்வளவுதான். அதன் பசியோ பெரிது. உணர்திறன் 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். உரத்த உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமானால் அரை வாட் தர வேண்டும், அது 5.5 வோல்ட், 91 மில்லியாம்பியர். எச்டி 800 எஸ் 1 வோல்ட்டிலேயே 102 டெசிபல் தருவதால், அதே 110க்கு 2.5 வோல்ட்டும் 8 மில்லியாம்பியரும் போதும். மின்னோட்டத்தில் 11 மடங்கு வேறுபாடு. சிறிய ஓடிஎல் ஆம்ப் ஓய்வு நிலையில் ஓட்டுவதே சில பத்து மில்லியாம்பியர்தான். அதற்கு மேல் கேட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும். நீங்கள் கேட்ட கரகரப்பு அதுதான்.

300பி எப்படித் தப்பித்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அந்த வால்வின் உள்தடை சுமார் 700 ஓம். 10க்கு 1 என்ற சுற்று விகிதம் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் மின்மறுப்பை நூறில் ஒன்றாகக் குறைப்பதால், வெளியே வரும்போது அது 7 ஓம். கம்பிச் சுற்றின் தடையைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பேலன்ஸ்டு வெளியீடு வழக்கமாகச் சாதாரண வெளியீட்டைப்போல இரு மடங்கு மின்னழுத்தம் தரும்; குமிழ் அதே இடத்தில் இருந்தாலும் 6 டெசிபல் கூடுதல். உரத்து ஒலிப்பது எதுவாக இருந்தாலும் தெளிவாகவும் அடி நிறைவாகவும் தோன்றுவது மனிதக் காதின் இயல்பு. அடி ஒலியைப் பொறுத்தவரை, ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டியது இது. ஒலி அளவைச் சமப்படுத்தாமல் செய்யும் எந்த ஒப்பீட்டுக்கும் நான் மதிப்புத் தருவதில்லை.

இன்றிரவு உங்களிடம் சால்டரிங் அயர்ன் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். 6.35 மில்லிமீட்டர் பிளக் ஒன்றையும் சாக்கெட் ஒன்றையும் எடுத்து, இடது கம்பியில் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர், வலது கம்பியில் ஒன்று எனத் தொடராகப் பற்றவையுங்கள். பொதுக் கம்பியை நேராக விட்டுவிடுங்கள். கால் வாட் போதும். நாளை டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் சாதாரண வெளியீட்டில் இதைச் செருகி எச்டி 800 எஸ்ஸைக் கேளுங்கள். சதை அங்கேயும் பிடித்தால் காரணம் வால்வு அல்ல, 120 ஓம்.

மூன்றாம்காது எழுதியது:

ஓம்விதி சொன்னதில் ஒரு திருத்தம். எச்டி 800 எஸ்ஸுக்குக் கால் வாட் தாராளம். அதே அடாப்டரில் சுஸ்வாராவைச் செருகி ஒலியை ஏற்றினால், அவர் சொன்ன அதே 91 மில்லியாம்பியர் 120 ஓமில் 1 வாட் வெப்பத்தை உண்டாக்கும். இசையின் சராசரி அதைவிட மிகக் குறைவு என்றாலும், பிறருடைய மேசையில் புகை வரவழைப்பது நன்றாக இராது.

மற்றபடி, கதவு திறந்த முதல் மணி நேரத்திலேயே போய்விடுங்கள். இந்த இரண்டும் திறந்த முதுகு ஹெட்ஃபோன்கள். வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வரும். நண்பகல் கூட்டத்தின் இரைச்சலை மீறக் குமிழைத் திருகுவோம், திருகியதை மறந்துவிடுவோம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அது பாதியாகும், 94இல் ஒரு மணி நேரம்தான். மாலைக்குள் காது மந்தமாகிவிட்டால் மூன்று ஆம்ப்பும் ஒன்றுபோலத்தான் கேட்கும். மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அதன் கால் காதுமெத்தையைத் தூக்கிப் பிடிக்கும் இடைவெளியிலேயே, பிளானார் ஹெட்ஃபோன்களில் அடி ஒலி கசிந்துவிடும்.

செம்பிழை எழுதியது:

முப்பது ஆண்டுகளாக வால்வு ஆம்ப் கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓம்விதியின் கணக்கில் பிழை இல்லை, ஆனால் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடக் கூடாது. வால்வின் குணம் வெளியீட்டு மின்மறுப்போடு முடிந்துவிடுவதில்லை. ஒற்றை முனை டிரையோடு (அலை முழுவதையும் ஒரே மூன்று முனை வால்வு பெருக்கும் அமைப்பு), சுரத்தோடு அதன் இரட்டிப்பு அதிர்வெண்ணையும் சிறிதளவு கலந்து தருகிறது. அது ஒரு ஆக்டேவ் மேலே நிற்கும் அதே சுரம் என்பதால் காது அதைப் பிழையாக உணராமல் செழுமையாக ஏற்றுக்கொள்கிறது. ஒரு ரெசிஸ்டரைச் செருகி இதை உண்டாக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதற்காகப் பிறந்த வால்வு என்பதைப் பார்த்துத்தான் அதைக் குறை சொல்ல வேண்டும். 6ஏஎஸ்7ஜி இசைக்காகப் பிறந்ததே அல்ல. மின்வழங்கிகளில் அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதற்காக வந்தது. ஒரு கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு, ஒவ்வொன்றின் உள்தடையும் வெறும் 280 ஓம். சாதாரண வால்வுகளில் இந்த எண் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த ஒரு குணத்துக்காகத்தான் ஹெட்ஃபோன் கட்டுகிறவர்கள் அதைத் தேடிப் பிடித்தார்கள். 300 ஓமும் 600 ஓமுமாக ஹெட்ஃபோன்கள் இருந்த காலத்துக்கு அது போதுமானதாகவும் இருந்தது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1996இல் வெளியிட்ட ஐஇசி 61938 தரநிலையே ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்றுதான் குறித்தது. 300பியோ 1938இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கொண்டுவந்தது. திரையரங்க ஒலிபெருக்கிகளை இயக்கிய வால்வு, ஒன்றே சுமார் 8 வாட் தரும். இந்த இரண்டையும் வால்வு என்ற ஒரே கூடையில் போட்டு அந்த மேசைக்காரர் பதில் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

நேரம் கிடைத்தால் ஸ்டாக்ஸ் போன்ற நிலைமின் ஹெட்ஃபோன் ஒன்றையும் வால்வு ஆம்ப்பில் கேளுங்கள். 580 வோல்ட் நிலையான மின்னழுத்தத்தில் (பயஸ்) நிற்கும் படலம் அது. ஆம்ப்பிடமிருந்து அது கேட்பது நூற்றுக்கணக்கான வோல்ட், மிகச் சிறிய மின்னோட்டம். வால்வுக்கு இயல்பாகவே கைவருவது அதுதான். நடுவே டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டாம், மின்னோட்டத்துக்குத் திணறவும் வேண்டாம்.

வீட்டில் பின்னால் பயன்படும் ஒரு சொல்: ஓடிஎல் ஆம்ப்பை ஆன் செய்யும்போதும் அணைக்கும்போதும் ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள். வெளியீட்டு மின்தேக்கி நிரம்பும்போது வரும் அதிர்ச்சியைச் சுருள் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

மெல்லொலி எழுதியது:

இரண்டாம் நாளும் முடிந்தது. மூவருக்கும் நன்றி. நடந்ததைச் சுருக்காமல் எழுதுகிறேன்.

பெட்டியைக் கிளறியதில் 120 ஓம் ரெசிஸ்டர் கிடைக்கவில்லை; 470 ஓம், கால் வாட் ரெசிஸ்டர்கள் ஒரு பட்டை இருந்தன. நான்கை இணையாகக் கட்டினால் 117.5 ஓமும் 1 வாட் தாங்கும் திறனும் வருமே என்று, பக்கத்துக்கு நான்காக எட்டைப் பற்றவைத்தேன். மூன்றாம்காதின் கவலையும் அதிலேயே தீர்ந்தது. பார்ப்பதற்குக் குட்டிச் சீப்பு போல இருந்ததால் கறுப்புக் குழாய் போட்டு மூடிவிட்டேன். ஒலி அளவைச் சமப்படுத்தச் செருப்புப் பெட்டியின் அட்டையிலிருந்து காதுமெத்தை அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவே துளையிட்டு, அதில் கைப்பேசியின் மைக்கை வைத்து அளந்தேன். உண்மையான டெசிபலை அது காட்டாது என்றாலும், ஒரே ஹெட்ஃபோனை இரண்டு ஆம்ப்களில் ஒப்பிட அது போதும்.

கதவு திறந்ததும் அந்த மேசைக்கே போனேன். முந்தைய நாள் பார்த்தவரே இருந்தார். அட்டையைக் கண்டதும் முகம் சுளித்தவர், ஆம்ப்புக்கு இதனால் கேடு இல்லை என்று விளக்கிய பின் அனுமதித்தார். எச்டி 800 எஸ்ஸில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து டிரான்சிஸ்டரையும் ஓடிஎல்லையும் சமப்படுத்திவிட்டு 100 ஹெர்ட்ஸுக்கு மாறினேன். ஓடிஎல்லில் அது 1 டெசிபலுக்குச் சற்றுக் கூடுதலாக நின்றது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அடாப்டரைச் செருகி, மறுபடி சமப்படுத்தி அளந்தபோதும் அதே ஏற்றம். காகிதத்தில் போட்ட கணக்கு அட்டைத் துளை வழியாகக் கண் முன்னே வந்து நின்றபோது, நேற்று நான் எழுதிய வர்ணனைகளை நினைத்து எனக்கே கூச்சமாகிவிட்டது.

பிறகு உடன் வந்த நண்பரைப் பிளக்கை மாற்றச் சொல்லிவிட்டு, மேசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டேன். அடாப்டர் இல்லாத டிரான்சிஸ்டரா, ஓடிஎல்லா என்பதைப் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். அடாப்டர் போட்ட டிரான்சிஸ்டரா, ஓடிஎல்லா என்றபோது பத்துக்கு ஆறுதான். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு தேறியிருக்கும்.

சுஸ்வாராவை அடாப்டரோடு கேட்டபோது, ஓம்விதி சொன்னபடியே, நிறம் மாறவில்லை. ஒலி மட்டும் குறைந்தது. குமிழைத் திருகி ஈடு செய்ததும் அடாப்டர் இருப்பதே தெரியவில்லை. முந்தைய நாள் சோர்வாகக் கேட்டதற்கு ஓடிஎல்லின் மின்னோட்டப் போதாமைதான் காரணம் என்று இப்போது புரிகிறது. நேற்று பேலன்ஸ்டு இணைப்பில் கேட்ட உயிர்த்துடிப்பில் ஒரு பகுதியும், ஒலி அளவைச் சமப்படுத்தியதும் காணாமல் போயிற்று.

நிலைமின் ஹெட்ஃபோனுக்கு வரிசை நீளமாக இருந்ததால் ஒரே ஒரு பாடல்தான் கேட்டேன். பியானோவின் சுத்தியல் கம்பியைத் தொடும் கணம் மற்ற எதிலும் அவ்வளவு சுத்தமாகக் கேட்கவில்லை. அது வால்வினாலா, படலத்தினாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அடாப்டர் இல்லை.

செம்பிழை எழுதியது:

உழைப்புக்குப் பாராட்டுகள். ஆனால் பத்துக்கு ஆறு என்ற முடிவை வைத்து வால்வுக்குத் தனிக் குணமே இல்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அரங்கில் இரைச்சல் எவ்வளவு இருந்தது?

மெல்லொலி எழுதியது:

காலையில் கைப்பேசி 62 காட்டியது. பத்து முறை கேட்டு முடிக்கும்போது 70ஐத் தொட்டிருந்தது.

செம்பிழை எழுதியது:

அதைத்தான் சொல்ல வந்தேன். நல்ல டிரையோடு ஆம்ப் அரை விழுக்காடு இரண்டாம் சீரிசை (நான் முன்பு சொன்ன இரட்டிப்பு அதிர்வெண்) தருகிறது என்று வையுங்கள். அது இசைக்கு 46 டெசிபல் கீழே. நீங்கள் 80 டெசிபலில் கேட்டிருந்தால் அந்தச் சீரிசை 34இல் இருக்கும். திறந்த முதுகு ஹெட்ஃபோனுக்குள் 70 டெசிபல் கூட்டம் புகுந்துகொண்டிருக்கையில் அது எப்படிக் காதில் விழும்? மின்மறுப்பின் பங்கை நிறுவிவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். மீதியை அந்த அரங்கில் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ஓம்விதி எழுதியது:

ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அமைதியான அறையிலும் அந்த 34 டெசிபலைச் சுரமே பெருமளவு மறைத்துவிடும். ஓங்கிய ஒலி தனக்கு மேலிருக்கும் அதிர்வெண்களைத்தான் அதிகம் மறைக்கும். இரண்டாம் சீரிசை காது பொறுத்துக்கொள்ளும் பிழை என்பதற்கு அதுவும் ஒரு காரணம். கேட்கவே கேட்காது என்று சொல்ல மாட்டேன். அமைதியான வீட்டில், சமப்படுத்திய ஒலியில், பத்துக்கு ஒன்பது யாராவது சொன்னால் நம்பிவிடுவேன்.

மெல்லொலி, ஆம்ப் வாங்குவதைப் பற்றி என்ன முடிவெடுத்தீர்கள்?

மெல்லொலி எழுதியது:

இப்போதைக்கு இல்லை. என் எச்டி 650யும் 300 ஓம்தான். அடாப்டரைப் போட்டு ஒரு மாதம் கேட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். அதிலும் ஒரு தடங்கல். கிளம்பும் நேரத்தில் அந்த மேசைக்காரர் என்னைக் கூப்பிட்டு, அடாப்டரை வாங்கித் தாமே எச்டி 800 எஸ்ஸில் மாற்றி மாற்றிக் கேட்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இதைத் தம்மிடம் விட்டுப்போக முடியுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். இன்றிரவு இன்னும் எட்டு ரெசிஸ்டர் பற்றவைக்க வேண்டும்; பட்டையில் ஆறுதான் மிச்சம்.

மூன்றாம்காது எழுதியது:

பக்கத்துக்கு மூன்று போட்டால் 157 ஓம் வரும். எச்டி 650க்கு அதுவும் ஆபத்தில்லை. அடி மேடு கொஞ்சம் கூடும். செம்பிழை மகிழ்ச்சி அடைவார்.